ஏறுவதற்கு மலையில்லாத சிகரம்: கான்சஸின் மவுண்ட் சன்ஃபிளவர்

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் மிக உயரமான இடம் மவுண்ட் சன்ஃபிளவர். கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் 4,039 அடி, அதாவது 1,231 மீட்டர். இந்த எண்ணைக் கண்டதும் கயிறும் பனிக்கோடரியும் வாங்கக் கிளம்புகிறவர்கள், பணத்தைச் செலவிடுவதற்கு முன் இந்த மதிப்புரையைப் படித்துவிடுவது நல்லது. உச்சிக்குப் பக்கத்திலேயே காரை நிறுத்தலாம். இறங்கி நடக்கும் அந்தச் சில அடிகளில் மூச்சு வாங்கினால், அதற்குக் காரணம் உயரமல்ல, எதிர்க்காற்று.

வழி எளிது. 70-ஆம் எண் நெடுஞ்சாலையிலிருந்து கேனொராடோ என்னும் சிற்றூருக்கருகே விலகி, தெற்கு நோக்கிச் சரளைச் சாலையில் அரை மணி நேரம் போல ஓட்ட வேண்டும். இரு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் வயலும் மேய்ச்சல் நிலமுமாகவே இருப்பதால், மலை எப்போது தென்படும் என்று முன்கண்ணாடி வழியே தேடிக்கொண்டிருப்பவர், அதன் மேல்தான் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறோம் என்பதை வழிகாட்டிப் பலகையைப் பார்த்துத்தான் அறிவார். மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை என்று சலித்துக்கொள்ளவும் முடியாது. கெல்லுவதற்கு முதலில் ஒரு மலை வேண்டும்.

ஆனால் ஏற்றமே இல்லை என்று சொல்வது கான்சஸுக்குச் செய்யும் அநியாயம். மாநிலத்தின் மிகத் தாழ்ந்த இடம் தென்கிழக்கு மூலையில், வெர்டிகிரிஸ் ஆறு மாநிலத்தைவிட்டு வெளியேறும் இடத்தில், 679 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து இங்கு வருபவர் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறியிருக்கிறார். அந்த ஏற்றம் அறுநூறு கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவில் பரவிக் கிடப்பதால், கிலோமீட்டருக்கு இரண்டு மீட்டர்கூடத் தேறாமல், ஏறுகிறவருக்கே தெரியாமல் போய்விடுகிறது. மேற்கே உள்ள ராக்கி மலைகளிலிருந்து ஆறுகள் பல மில்லியன் ஆண்டுகளாக அரித்துக் கொண்டுவந்து பரப்பிய மணலும் சரளையும்தான் இந்தச் சமவெளியின் சரிவு. அவ்வகையில் காலடியில் இருப்பது மலைதான். பொடியாக்கிப் பரப்பப்பட்டிருக்கிறது என்பது மட்டுமே வேறுபாடு.

இந்தத் தட்டைத்தன்மையை அறிவியலும் விட்டுவைக்கவில்லை. 2003-இல் புவியியலாளர்கள் மூவர் கடையில் வாங்கிய, தடித்த தோசை போன்ற பேன்கேக் ஒன்றை அளந்து, கான்சஸின் நிலப்பரப்போடு ஒப்பிட்டு, பேன்கேக்கைவிடக் கான்சஸே தட்டை என்று ஒரு நகைச்சுவை அறிவியல் இதழில் நிறுவினார்கள். அமெரிக்க மாநிலங்களில் மிகத் தட்டையானது உண்மையில் புளோரிடாதான் என்று பின்னர் வந்த ஓர் ஆய்வு காட்டியது. என்றாலும் பழி என்னவோ கான்சஸின் தலையில்தான் நிலைத்துவிட்டது.

சிகரத்தில் கிடைக்கும் வசதிகளுக்கு வருவோம். நிலம் தனியாருக்குச் சொந்தமானது. பண்ணைக் குடும்பத்தினர் வருகிறவர்களை அனுமதிக்கிறார்கள், கட்டணம் கேட்பதில்லை. வேலியிட்ட சிறு இடத்தின் நடுவே, தண்டவாள ஆணிகளைக் கொண்டு செய்த உயரமான இரும்புச் சூரியகாந்திப் பூ நிற்கிறது. அங்கிருப்பவற்றில் அண்ணாந்து பார்க்க வேண்டியது அது ஒன்றுதான். வெற்றி வீரர்கள் கையெழுத்திட ஓர் அஞ்சல் பெட்டிக்குள் பதிவேடு உண்டு. ‘1897-ஆம் ஆண்டு இவ்விடத்தில் எதுவும் நிகழவில்லை’ என்று அறிவிக்கும் ஒரு பலகையும் உண்டு. சுற்றுலாத் தலங்களில் நான் படித்த பலகைகளிலேயே இவ்வளவு நேர்மையானது வேறில்லை.

உண்மையில் நிகழ்ந்தது 1861-இல். அதற்கு முன் கான்சஸ் பிரதேசத்தின் எல்லை ராக்கி மலைத்தொடர்வரை நீண்டிருந்தது. 14,115 அடி உயரமுள்ள பைக்ஸ் சிகரம் அதற்குள்தான் இருந்தது. மாநிலத் தகுதி பெற்றபோது மேற்கு எல்லையை இப்போதுள்ள இடத்துக்குச் சுருக்கிக்கொண்டு, அத்தனை மலைகளையும் கைவிட்டு, கோதுமையை வைத்துக்கொண்டது கான்சஸ். இன்று அண்டை மாநிலமான கொலராடோவின் எல்லை இச்சிகரத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் இருக்கிறது. அதைத் தாண்டி மேற்கே போகப் போக நிலம் மேலும் உயர்ந்துகொண்டே செல்கிறது. ஆகவே இச்சிகரத்தை உருவாக்கியதில் இயற்கையின் பங்கைவிட, வரைபடத்தில் கோடு கிழித்தவர்களின் பங்கே அதிகம்.

ஐம்பது மாநிலங்களின் உச்சிகளையும் தொட்டுவிட வேண்டும் என்று பட்டியலோடு அலைபவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் 6,190 மீட்டர் உயரமுள்ள அலாஸ்காவின் தெனாலிக்கும் ஓர் இடம், இதற்கும் ஓர் இடம். முன்னதற்குப் பல வாரங்களும், உறைபனியில் விரல்களை இழக்கத் துணிந்த மனமும் வேண்டும்; இதற்கு எரிபொருள் போதும். தொடக்கநிலையினருக்கு இதைவிட ஏற்ற சிகரத்தைப் பரிந்துரைக்க இயலாது என்றாலும், 345 அடியே உயரமுள்ள புளோரிடாவின் பிரிட்டன் குன்று போட்டிக்கு வரலாம்.

குறைகள் சில உண்டு. நிழல் கிடையாது. காற்று தொப்பியை உரிமையோடு எடுத்துக்கொள்ளும். சமவெளி என்பதால் அது போகும் திசையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பது ஓர் ஆறுதல். மழை பெய்த மறுநாள் மண்சாலையில் சக்கரம் புதையும் என்பதால், இம்மலையில் ஆபத்து என்று ஒன்று இருந்தால் அது சேறுதான்.

வடக்கே நெப்ராஸ்காவின் உச்சியான பனோரமா பாயிண்ட், 5,429 அடியோடு, இதைவிட உயரமானது. அது பைசன் என்னும் அமெரிக்கக் காட்டெருமைகளை வளர்க்கும் பண்ணைக்குள் இருப்பதால் சிறு கட்டணம் உண்டு. அங்கே பனிச்சரிவுக்குப் பதில் பைசனுக்கு அஞ்ச வேண்டும். பிள்ளைகள் உடன் வந்தால் அங்கே போகலாம். தனியாகப் போகிறவர்களுக்கு, கட்டணமில்லாத கான்சஸையே பரிந்துரைக்கிறேன்: ஐந்துக்கு நான்கு நட்சத்திரம், ஒன்றைக் குறைத்தது நிழலுக்காக.