மெத்தடோனா, பியூபிரெனார்ஃபினா, நால்ட்ரெக்ஸோனா: விடுபட்டுப்போகும் ஒரு நாளை வைத்து ஓர் ஒப்பீடு

முதுகெலும்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு வலிக்காகத் தொடங்கிய ஓபியாய்டு (அபின் வகை வலிநிவாரணி) மாத்திரைகள், வலி அடங்கிய பின்னும் நான்கு ஆண்டுகள் என்னை விடவில்லை. இரண்டு முறை மருத்துவமனையில் தங்கி, அளவைப் படிப்படியாகக் குறைத்து, முற்றிலும் நிறுத்திவிட்டு வீடு திரும்பினேன். இரண்டு முறையும் ஆறு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. மூன்றாம் முறை, வீட்டில் இருந்துகொண்டே, வேலைக்கும் போய்க்கொண்டே, வெளிநோயாளியாக மருந்து எடுத்துக்கொள்ளும் சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தேன். பியூபிரெனார்ஃபினும், ஓபியாய்டின் விளைவைத் தடுக்கும் நலாக்சோனும் சேர்ந்த மாத்திரையில் இப்போது மூன்று ஆண்டுகள் கடந்திருக்கின்றன. ஆகவே ஓபியாய்டு அடிமைத்தனத்துக்குத் தரப்படும் மூன்று மருந்துகளின் இந்த ஒப்பீட்டில் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெத்தடோனை நெருங்கிய நண்பர் ஒருவர் வழியாக மட்டுமே அறிவேன். நால்ட்ரெக்ஸோனைப் பற்றி மருத்துவரிடம் கேட்டதும் படித்ததும்தான்.

எல்லோரும் அறிந்த அடிப்படைகளை விரைவாகக் கடந்துவிடலாம். மெத்தடோன் மூளையின் ஓபியாய்டு ஏற்பிகளை, அதாவது ஓபியாய்டு வந்து ஒட்டிக்கொள்ளும் இடங்களை, முழுமையாகத் தூண்டுகிறது; பியூபிரெனார்ஃபின் அவற்றை ஓரளவுக்கு மட்டுமே தூண்டுகிறது; நால்ட்ரெக்ஸோன் எதையும் தூண்டாமல், பூட்டில் உடைந்த சாவி போல ஏற்பியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. முதல் இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2005இல் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

ஒரு போதைக்குப் பதிலாக இன்னொரு போதையா என்ற கேள்வியை என் குடும்பத்தாரும் கேட்டார்கள், நானும் என்னையே கேட்டுக்கொண்டேன். அதற்கு நான் கண்ட தெளிவான விடை, ஸ்வீடனில் நடந்து 2003இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வு. ஹெராயினுக்கு அடிமையான நாற்பது பேரில் பாதிப் பேருக்கு ஓராண்டு முழுவதும் பியூபிரெனார்ஃபின் தரப்பட்டது. மறுபாதிக்கு ஆறு நாள்களில் குறைத்து நிறுத்தி, அதன்பின் மருந்தில்லாத போலி மாத்திரை தரப்பட்டது. ஆலோசனை இரு தரப்புக்கும் ஒன்றுதான். ஓராண்டு முடிவில் முதல் பாதியில் முக்கால் பங்கினர் சிகிச்சையில் இருந்தார்கள். மறுபாதியில் ஒருவர்கூட இல்லை. அவர்களில் நான்கு பேர் இறந்துவிட்டிருந்தார்கள். மருந்தை நிறுத்தி வீடு திரும்பிய என் இரண்டு முயற்சிகளும் அந்த மறுபாதியைச் சேர்ந்தவை என்பது அதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

ஆக, மருந்து வேண்டுமா வேண்டாமா என்பதில் எனக்கு ஐயமில்லை. எந்த மருந்து என்பதுதான் கேள்வி. பொதுவாகப் பக்கவிளைவுகளை வைத்தோ, முதல் வாரம் எவ்வளவு சுகமாகக் கழிகிறது என்பதை வைத்தோ ஒப்பிடுவார்கள். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு எனக்குத் தீர்மானமான அளவுகோலாகத் தெரிவது வேறு. இந்தச் சிகிச்சை வாரக் கணக்கில் முடிவதில்லை. ஆண்டுக் கணக்கில் நீளும். அத்தனை நாள்களில் ஏதோ ஒரு நாள் விடுபட்டே தீரும்: காய்ச்சல் வரும், வீட்டில் ஒரு சாவு நேரும், வெளியூரில் மாட்டிக்கொள்வோம், மருந்துக்கடையில் இருப்புத் தீர்ந்திருக்கும், அல்லது மனம் வெறுத்து நாமே தவறவிடுவோம். அந்த விடுபட்ட நாளில் மருந்து நம்மை என்ன செய்கிறது, மறுநாள் நம்மை எந்த நிலையில் வைத்திருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

மெத்தடோனில் அந்த நாளுக்கு விலை அதிகம். தொடக்கத்தில் 20 முதல் 30 மில்லிகிராம் கொடுத்து, வாரக் கணக்கில் மெல்ல ஏற்றி, பெரும்பாலானோரை 60 முதல் 120 மில்லிகிராமில் நிலைநிறுத்துகிறார்கள். உடலில் அது நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போவதால், நேற்று போதாமல் இருந்த அதே அளவு நான்காம் நாள் மூச்சை அழுத்தக்கூடும். முதல் இரண்டு வாரங்கள் அபாயமானவை என்று சொல்வது இதனால்தான். இதயத் துடிப்பின் மின்தாளத்தையும் அது பாதிக்கக்கூடும் என்பதால் தேவைப்படுவோருக்கு இசிஜி எடுத்துப் பார்க்கிறார்கள். ஒரு நாள் தவறினால் மறுநாள் விலகல் அறிகுறிகள் (பழகிய மருந்து நின்றதும் உடல் படும் அவஸ்தைகள்) தலைகாட்டும், அவ்வளவுதான். ஆனால் சில நாள்கள் தொடர்ந்து தவறிவிட்டால் உடல் தன் தாங்குதிறனை இழக்கத் தொடங்குகிறது. பழகிய உடலுக்கு இயல்பாக இருந்த 100 மில்லிகிராம், பழக்கம் விட்டுப்போன உடலில் மூச்சை நிறுத்திவிடலாம். அதனால் திரும்பி வருபவருக்குப் பழைய அளவைத் தரமாட்டார்கள். குறைத்துத் தொடங்கி மறுபடி ஏற்றுவார்கள்.

என் நண்பருக்கு இது நேர்ந்தது. தந்தையின் இறுதிச் சடங்குக்காகப் போனவர் ஐந்து நாள்கள் கழித்துத் திரும்பினார். அளவைப் பாதியாக்கித்தான் மீண்டும் தொடங்கினார்கள். துக்கமும் விலகல் வேதனையும் சேர்ந்துகொண்ட அந்த மூன்று வாரங்களை அவர் எப்படிக் கடந்தார் என்பது அருகில் இருந்து பார்த்த எனக்கே முழுதாக விளங்கவில்லை. வேலைக்கு முன், மெத்தடோன் தரும் மையத்தின் விடியற்காலை வரிசையில் அவருடன் சில நாள்கள் நின்றிருக்கிறேன். சிறு குவளையில் மருந்தை ஊற்றித் தருகிறார்கள். குடித்த பிறகு அதே குவளையில் தண்ணீர் ஊற்றி அலசி அதையும் குடிக்க வேண்டும். பிறகு செவிலியரிடம் இரண்டு வார்த்தை பேச வேண்டும், மருந்து வாயில் தங்கவில்லை என்பது அப்போதுதான் உறுதியாகும். ஓராண்டுக்கு மேல் அவருக்கு எல்லாக் காலைகளும் இப்படித்தான் விடிந்தன. இந்தக் கட்டுப்பாடு எல்லா இடங்களிலும் ஒன்றுபோல் இல்லை. அமெரிக்காவில் 2024இல் நடைமுறைக்கு வந்த விதியின்படி, சிகிச்சையில் ஒரு மாதம் கடந்தவருக்கு 28 நாள் வரைக்குமான மருந்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம். ஆனால் மருத்துவர் அனுமதித்தால்தான்.

நண்பரின் தரப்பையும் சொல்வதுதான் நியாயம். அந்த வரிசைதான் தன்னைத் தாங்கிப் பிடித்தது என்கிறார் அவர். காலையில் எழ ஒரு காரணம், முகம் வாடியிருந்தால் என்ன ஆயிற்று என்று கேட்க ஒரு செவிலியர், ஒரு நாள் வராவிட்டால் தேட ஓர் இடம். எனக்கு வீட்டில் அதைச் செய்ய ஆள்கள் இருந்தார்கள், அவருக்கு இல்லை.

பியூபிரெனார்ஃபினின் விடுபட்ட நாள் எனக்கு எப்படி இருந்தது என்பதைச் சொல்ல என்னிடம் நேரடி அனுபவம் உண்டு. ஒருமுறை பயணத்தில் மாத்திரைப் பட்டையை மறந்துவிட்டேன். மறுநாள் மாலை கொட்டாவி அடுக்கடுக்காக வந்தது, கண்ணில் நீர் வடிந்தது, இரவில் கால்கள் ஓர் இடத்தில் நிற்கவில்லை. அதற்கு மேல் ஒன்றுமில்லை. வீடு திரும்பியதும் மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டு, பழைய அளவையே எடுத்துக்கொண்டேன். காரணம், இந்த மருந்து ஏற்பிகளை மிக இறுக்கமாகப் பற்றிக்கொண்டு மெதுவாகத்தான் விடுகிறது. நிலைபெற்ற சிலருக்கு அளவைக் கூட்டி ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுக்கும் முறைகூட உண்டு. அந்த இறுக்கத்தாலேயே, சறுக்கி வேறு ஓபியாய்டு எடுத்தாலும் அது பெரிதாக ஏறுவதில்லை. மூச்சை அழுத்தும் விளைவும் ஓர் அளவுக்கு மேல் கூடுவதில்லை. மதுவோ, டயசெபாம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகளோ சேர்ந்தால் இந்தப் பாதுகாப்பு நிற்காது என்பதையும் இங்கேயே சொல்லியாக வேண்டும். தொடர்ந்து பல நாள்கள் தவறியவர் தானாகவே பழைய அளவுக்குத் திரும்பக் கூடாது. மருத்துவரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும்.

இந்த இறுக்கத்துக்கான விலையை முதல் நாளிலேயே கொடுத்துவிட வேண்டியிருக்கிறது. உடலில் வேறு ஓபியாய்டு இன்னும் இருக்கும்போது இதை எடுத்தால், அதைத் தள்ளிவிட்டு இது அமர்ந்துகொள்கிறது. முழுத் தூண்டல் நொடியில் அரைத் தூண்டலாகச் சரிய, விலகல் அறிகுறிகள் வெள்ளமாக வருகின்றன. அதனால்தான் குறைந்த நேரமே வேலை செய்யும் ஓபியாய்டுகளுக்குப் பின் 12 முதல் 24 மணி நேரம் வரை காத்திருந்து, அறிகுறிகள் கண்ணுக்குத் தெரிந்த பிறகு தொடங்குகிறார்கள். கடைசி மாத்திரை எடுத்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று மருத்துவர் கேட்டபோது, சீக்கிரம் நிம்மதி வேண்டும் என்ற தவிப்பில் உண்மையான நேரத்தைவிட ஆறு மணி நேரம் கூட்டிச் சொன்னேன். மாத்திரை கரைந்து அரை மணிக்குள் வியர்வையும் வாந்தியும் நடுக்கமுமாக நான் பட்ட பாட்டை என் மனைவிதான் பார்த்தார். அன்றே மேலும் அளவு கொடுத்து மருத்துவர் நிலையைச் சமாளித்தார். சிலர் அந்த அனுபவத்தோடு திரும்பி வராமலே போய்விடுவார்கள் என்றும் சொன்னார். தொடங்கப்போகிறவர்கள் அந்த ஒரு கேள்விக்கு மட்டுமாவது உண்மையைச் சொல்லுங்கள். மிக வலுவான ஓபியாய்டான ஃபென்டனிலுக்குப் பழகியவர்களுக்கு இந்தக் காத்திருப்பு இன்னும் சிக்கலானது. பழைய ஓபியாய்டை உடனே நிறுத்தாமல் மிகச் சிறிய அளவுகளில் பியூபிரெனார்ஃபினை நுழைக்கும் முறை ஒன்று, 2016இல் சுவிட்சர்லாந்தின் பெர்னில் விவரிக்கப்பட்டு, இப்போது பல இடங்களில் கையாளப்படுகிறது.

அன்றாடப் பராமரிப்பு சிறியதுதான். காலையில் மாத்திரையை நாக்கின் அடியில் வைத்துவிட்டால் ஏழெட்டு நிமிடம் பேசக் கூடாது, எச்சிலை விழுங்கக் கூடாது. என் மகள் அந்த நேரத்தில்தான் எல்லாச் சந்தேகங்களையும் கேட்பாள், நான் கையசைத்து விடை சொல்வேன். கரைந்த பிறகு தண்ணீரை வாயில் சுழற்றி விழுங்க வேண்டும், ஒரு மணி நேரம் கழித்துத்தான் பல் துலக்க வேண்டும். வாயில் கரையும் இந்த மருந்துகள் பற்களைப் பாதிக்கலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2022 ஜனவரியில் எச்சரித்தது. எனக்கு இரண்டு கடைவாய்ப் பற்களில் சொத்தை வந்தது. அதற்கு மாத்திரைதான் காரணமா, அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளா என்று என்னால் சொல்ல முடியாது. மலச்சிக்கல் உண்டு. அது மெத்தடோனிலும் உண்டு.

நால்ட்ரெக்ஸோனை அதே அளவுகோலில் வைத்தால் எனக்கு அச்சமாக இருக்கிறது. தினம் 50 மில்லிகிராம் மாத்திரையைத் தவறவிட்டால் உடலில் ஒன்றுமே நடப்பதில்லை. கொட்டாவி இல்லை, வலி இல்லை, நினைவூட்ட எதுவும் இல்லை. ஆனால் அதற்குள் தாங்குதிறன் முற்றிலும் போயிருக்கும். அந்த நிலையில் பழைய அளவை எடுப்பவருக்கு அதுவே கடைசியாகிவிடலாம். மாதம் ஒருமுறை போடும் 380 மில்லிகிராம் ஊசி இந்தக் குறையைப் பெருமளவு போக்குகிறது. ஆனால் அதைத் தொடங்க 7 முதல் 10 நாள் வரை எந்த ஓபியாய்டும் இல்லாமல் இருக்க வேண்டும், அங்கேதான் பலர் விழுகிறார்கள். 570 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வில், ஊசிக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 28 சதவீதம் பேரால் அதைத் தொடங்கவே முடியவில்லை. பியூபிரெனார்ஃபினில் அது 6 சதவீதம். தொடங்க முடிந்தவர்களுக்குள் பெரிய வேறுபாடு இல்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது. ஆகவே, ஏற்கெனவே பல வாரங்கள் விலகியிருந்து, எந்த ஓபியாய்டும் உடலில் இருக்கக் கூடாத பணியில் உள்ள ஒருவருக்கு அது சரியான தேர்வாக இருக்கலாம். நான் அந்த ஆள் இல்லை.

என் சாய்வுக்கு எதிரான சான்றையும் மறைக்க மாட்டேன். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், நோயாளிக்கேற்ப அளவை மாற்றிக் கொடுக்கும்போது மெத்தடோன்தான் கூடுதலான பேரைச் சிகிச்சையில் தக்கவைக்கிறது. 24 மில்லிகிராம் பியூபிரெனார்ஃபினிலும் ஏக்கம் அடங்காதவர் மெத்தடோனுக்கு மாறுவதில் தோல்வி எதுவும் இல்லை. 2017இல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி, ஆயிரம் பேருக்கு ஓராண்டில் நேரும் மரணங்கள் மெத்தடோன் சிகிச்சையில் இருக்கும்போது 11.3, விட்டபின் 36.1, பியூபிரெனார்ஃபினில் இருக்கும்போது 4.3, விட்டபின் 9.5. இரண்டு மருந்துகளையும் எடுத்தவர்கள் ஒரே மாதிரியானவர்கள் அல்லர் என்பதால் இந்த எண்களைக் குறுக்காக ஒப்பிடக் கூடாது. ஒவ்வொன்றிலும் இருப்பதற்கும் விடுவதற்கும் உள்ள இடைவெளியைத்தான் பார்க்க வேண்டும். மெத்தடோனை விட்ட முதல் நான்கு வாரங்கள்தான் மிகக் கொடியவை. ஓபியாய்டு அளவு மீறி மூச்சு அடங்கினால் மீட்க உதவும், மூக்கில் அடிக்கும் நலாக்சோன் எங்கள் வீட்டு மருந்து அலமாரியின் முதல் தட்டில் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்பது என் மகளுக்கும் தெரியும்.

எங்கும் எளிதாகக் கிடைப்பதும் பியூபிரெனார்ஃபினுக்குச் சாதகமான ஒன்று. பிரான்சில் 1995 முதல் பொது மருத்துவர்களே அதை எழுதிக்கொடுக்கலாம் என்றானபின், நான்கே ஆண்டுகளில் ஹெராயின் அளவு மீறிய மரணங்கள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்தன. மாதம் ஒருமுறை வயிற்றுத் தோலின் அடியில் போடும் பியூபிரெனார்ஃபின் ஊசிக்கு அமெரிக்காவில் 2017இல் ஒப்புதல் கிடைத்தது. விடுபட்ட நாள் என்ற கேள்வியையே அது ஏறக்குறைய இல்லாமலாக்குகிறது. நான் அதை இன்னும் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, என் பற்களைக் காரணம் காட்டி, அதைப் பற்றித்தான் பேச இருக்கிறேன்.

நண்பரையும் இந்தப் பக்கம் அழைக்கலாமா என்று ஒருமுறை யோசித்தேன். மெத்தடோனிலிருந்து மாற, வழக்கமான முறையில் அளவை முதலில் 30 மில்லிகிராம் அருகே இறக்க வேண்டும்; பிறகு ஒன்றிலிருந்து மூன்று நாள் வரை எந்த ஓபியாய்டும் எடுக்காமல் காத்திருக்க வேண்டும். அவர் இப்போது 90இல் நிலையாக இருக்கிறார், வாரத்துக்கு ஆறு நாள் மருந்து வீட்டுக்கே வருகிறது, வேலையில் இருக்கிறார். நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.