ஆறாவது மாடி அத்தை வீடு

அத்தையின் புது வீட்டைக் குறை சொல்ல மனசு வரவில்லை. ஆனால் அந்த லிஃப்ட்டைப் பற்றிப் பேசாமலும் இருக்க முடியவில்லை.

சென்னையில் பழைய போர்டு வீடுகளைத் தெரியாதவர் யார்? 1970-ல் குடிசை மாற்று வாரியம் வந்த பிறகு ஊருக்குள்ளேயே எழுந்தவை. காரை பெயர்ந்து கம்பி தெரிந்த கட்டடங்களை இப்போது இடித்து, அதே இடத்தில் உயரமாகக் கட்டித் தருகிறார்கள். வாரியத்துக்கும் 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிவிட்டது. கட்டி முடிக்கும்வரை வெளியே வாடகைக்கு இருப்பவர்களுக்குக் கருணைத்தொகை உண்டு. 8,000 ரூபாயாக இருந்ததை 24,000 ஆக்கினார்கள். சென்னை வாடகைக்கு அது எத்தனை மாதம் தாங்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அத்தைக்குக் குலுக்கலில் ஆறாவது மாடி விழுந்தது. வீட்டுக்குள்ளேயே கழிப்பறை, தனிச் சமையலறை, காற்று. எல்லாம் சரி. நான் போன மதியம் லிஃப்ட் கதவில் ஒரு நைலான் கயிறு கட்டியிருந்தது. பொத்தான்களில் பாதி லைட்டரால் சுட்டு உருகிக் கிடந்தன. "மோட்டார் சூடாயிடும் சார், நாலு மணிக்கு மேல வாங்க" என்றார் காவலாளி. சூடாவதற்கு அது என்ன தோசைக்கல்லா? பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். மூன்றாவது மாடித் திருப்பத்தில் ஒரு பாட்டி காய்கறிப் பையோடு உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பால்கனியிலிருந்து கயிறு கட்டிய வாளி கீழே இறங்கி, பால் பாக்கெட்டோடு மேலே போனது. சிலிண்டர் மட்டும் வாளியில் ஏறாது. அதற்கு மாடிக்கு இவ்வளவு என்று தனிக் காசு.

சிங்கப்பூரிலும் அரசு கட்டிய பழைய அடுக்குமாடி புளோக்குகளில் முன்பு லிஃப்ட் சில மாடிகளில் மட்டும்தான் நிற்கும். 2001-ல் தொடங்கிய மேம்பாட்டுத் திட்டத்தால்தான் பெரும்பாலான புளோக்குகளில் மாடிக்கு மாடி நிற்க ஆரம்பித்தது. பழுதானால் புளோக்குகளைப் பராமரிக்கும் நகர மன்றத்துக்கு ஒரு போன் போதும். ஏனென்றால் குடியிருப்பவர்கள் மாதாமாதம் கட்டும் பணத்தில் ஒரு பங்கை இதற்கென்றே ஒதுக்கிவைக்கச் சட்டம் இருக்கிறது. சென்னையிலும் 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' என்று திட்டம் போட்டு, குடியிருப்போர் சங்கம் அமைக்கச் சொல்லியிருக்கிறார்கள். யோசனை நல்லதுதான். ஆனால் தினக்கூலிக்குப் போகிறவர்கள் லிஃப்ட் மோட்டார் மாற்றும் செலவை எங்கிருந்து எடுப்பார்கள்? கட்டடம் கட்டக் கோடிகள் கிடைக்கின்றன, அதை ஓட்டுவதற்குத்தான் ஆளைக் காணோம்.

இதையெல்லாம் நான் பொரிந்து தள்ள, அத்தை விசிறிக்கொண்டே கேட்டார். "கண்ணகி நகருக்கோ பெரும்பாக்கத்துக்கோ தூக்கிப் போடாம விட்டாங்களே, அதச் சொல்லு. வேலைக்குப் போற வீடு இங்கருந்து நடந்து போற தூரம். மாடி ஏறினா என்ன, முட்டிதானே வலிக்குது."

பதில் சொல்லத் தெரியவில்லை. ஊர் ஓரத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் பஸ்ஸிலேயே பாதி நாளைத் தொலைப்பதை நானும் பார்த்திருக்கிறேன். அதற்காக முட்டி வலியைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதா?

இந்த மாதிரி வீடுகளில் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். கிளம்பும் முன் போன் போட்டு லிஃப்ட் ஓடுகிறதா என்று கேட்டுவிடுங்கள். பெட்டியை எங்காவது விட்டுவிட்டுப் போங்கள்.