ஸ்பிதிக்கு பைக்கில் குழுவாக: ஏற்றிவிடுவதில் கெட்டிக்காரர்கள், படுக்கவைப்பதில் இல்லை

திருகோணமலையில் இருந்து இந்தியாவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் திருச்சி, சிதம்பரம், திருவண்ணாமலை என்று கோயில் பார்த்துவிட்டு, சென்னையில் சேலை எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். நாங்கள் போனது இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்குக்கு. வாடகை பைக்கில், கூடாரத்தில் படுத்து, பூனே, பெங்களூர் ஆட்களோடு ஒரே குழுவாக. நடத்தியது அங்கேயே உள்ள ஒரு சின்ன டூர் நிறுவனம். குறையும் சொல்லப்போகிறேன், அதனால் பெயர் வேண்டாம். இந்தப் பாதையில் ஆள் கூட்டிப் போகிறவர்கள் விற்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே சரக்குத்தான் என்பதால் யாரிடம் காசு கட்டினாலும் இதில் பாதியாவது பொருந்தும்.

இவர்களைப் பிடித்ததற்குக் காரணம், சிம்லாப் பக்கத்தால் ஏறுகிறார்கள். மணாலியில் இருந்து அடல் சுரங்கத்துக்குள்ளால் (2020இல் திறந்தது, 9 கிலோமீற்றர் நீளம்) போய், குன்சும் கணவாயைத் தாண்டி ஒரே நாளில் ஸ்பிதியின் முக்கிய ஊரான காசாவுக்குப் போய்விடலாம். விலையும் குறைவு, லீவும் மிச்சம். ஆனால் மணாலி 2,000 மீற்றர் சொச்சம், காசா 3,600க்கு மேல், நடுவில் வரும் கணவாய் 4,500ஐத் தாண்டும். நம் நாட்டின் உச்சியான பிதுருதலாகலையே 2,524 மீற்றர்தான். 3,000 மீற்றருக்கு மேலே போனால் படுக்கிற உயரத்தை ஒரு இரவுக்கு 500 மீற்றருக்கு மேல் கூட்டாதே என்பது மலைநோய்க்கு (உயரத்தில் ஒக்சிசன் குறைவதால் வரும் தலையிடி, சத்தி) வைத்தியர்கள் சொல்கிற கணக்கு. சிம்லா, கல்பா, நாக்கோ, தாபோ, காசா என்று போகும் பாதை அந்தக் கணக்குக்கு ஓரளவு கிட்ட வருகிறது, மணாலிப் பாதை கிட்டவும் வராது. கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர்கள் மணாலி வழியாக ஏறும் பொதியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.

அதைவிட எனக்குப் பிடித்தது, குழுத் தலைவர் இந்த விஷயத்தில் யாருக்கும் முகம் பார்க்காதது. ஒவ்வொரு பின்னேரமும் விரலில் கருவி மாட்டி ஒக்சிசன் பார்ப்பார், தலையிடியா, சாப்பாடு இறங்குகிறதா என்று ஆளாளாகக் கேட்பார். காசாவில் பூனே அண்ணன் ஒருவர் சத்தி எடுத்துவிட்டு "நான் நல்லாத்தான் இருக்கிறேன்" என்று அடம்பிடித்தார். தலைவர் வாதாடவே இல்லை. சாவியை வாங்கினார், பிக்கப்பில் ஏற்றினார், தாபோவுக்கு இறக்கிவிட்டார். மறுநாள் அந்த அண்ணன் தாபோ மடாலத்தின் மண் சுவர்களைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு (கி.பி. 996இல் தொடங்கியதாம், ஆயிரம் ஆண்டு தாண்டியும் ஆட்கள் வழிபடுகிற இடம்) இரண்டு தட்டு ராஜ்மா சோறு சாப்பிட்டிருக்கிறார். மலைநோய்க்கு முதல் மருந்து கீழே இறங்குவதுதான். மலைநோய்க்குப் போடும் டயமொக்ஸ் மாத்திரை எல்லோருக்கும் ஒத்துவராது, சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் ஊரிலேயே வைத்தியரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

கடதாசி வேலை. வழியில் வரும் கின்னோர் மாவட்டத்தில் சீன எல்லைக்குக் கிட்டப் போகும் துண்டுக்கு வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர்கள் அனுமதி எடுக்கவேண்டும், இந்தியர்களுக்கு வேண்டாம். அதை அங்குள்ள ரெக்கோங் பியோ ஊரில் எடுத்துத் தந்தார்கள், எங்களுக்காக முழுக் குழுவும் காத்திருந்தது, யாரும் முகம் சுளிக்கவில்லை. சாரதி அனுமதிப்பத்திரத்தை ஊரிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஏ1 மட்டும் இருந்தால் அது 100 சிசி வரைக்கும்தான், ஏ வகுப்பு இருக்கவேண்டும், அதை வைத்து ஓட்டோமொபைல் அசோசியேஷனில் சர்வதேச பெர்மிட் எடுக்கவேண்டும். பயணக் காப்புறுதி எடுக்கும்போது மோட்டார் சைக்கிளும் உயரமும் அடங்குமா என்று வாசித்துப் பார்த்து எடுங்கள், பலவற்றில் அடங்காது.

தந்த வண்டி ரோயல் என்ஃபீல்ட் ஹிமாலயன், பழைய 411 சிசி. சென்னைப் பக்கம் செய்த வண்டி இவ்வளவு குளிரில் காலையில் ஒரே அமத்தலில் ஸ்டார்ட் ஆனது சந்தோசம். 199 கிலோ எடை, ஊரில் பல்சர் ஓட்டுகிறவனுக்கு முதல் நாள் தோள் வலிக்கும். 4,300 மீற்றரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 60 வீதம்தான், அதனால் எஞ்சினும் நம்மைப் போலவே மூச்சு வாங்கும், இரண்டாம் கியரில்தான் ஏறும். அது பழுது இல்லை. 2023 முடிவில் வந்த 450க்கு வலு அதிகம், கேட்டால் கூடக் காசுக்குத் தருகிறார்கள், ஆனால் உயரம் குறைந்தவர்களுக்கு 411இன் 800 மில்லிமீற்றர் இருக்கைதான் காலூன்ற வசதி. பெற்றோலுக்குக் கவலை இல்லை. ரெக்கோங் பியோ பக்கம் நிரப்பினால் காசா வரைக்கும் 15 லீற்றர் தாங்கும், பிக்கப்பிலும் கான் இருந்தது.

ஓடும் ஒழுங்கு நல்லது. முன்னால் தலைவர், கடைசியில் ஒரு ஆள், அதற்கும் பின்னால் மெக்கானிக்கோடு பிக்கப். சந்தி வந்தால் பின்னால் வருகிறவர் கண்ணாடியில் தெரியும்வரை நிற்கவேண்டும், அவ்வளவுதான் சட்டம். சிக்னல் இல்லாத இடத்தில் இது வேலை செய்கிறது. திரும்பும்போது மணாலிப் பக்கத்தால் இறங்கினோம், அந்த வழியில் பாதலில் இருந்து சத்ரூ வரையான பாதையில் பனியாற்றுத் தண்ணீர் ரோட்டுக்குக் குறுக்கே ஓடும். வெயில் ஏற ஏற மேலே பனி உருகித் தண்ணீர் கூடும், காலையில் கணுக்கால் அளவில் இருக்கிற ஓடை பின்னேரம் முழங்காலுக்கு வந்து உருண்டைக் கல்லையும் உருட்டும். அதனால்தான் அன்று விடியமுன் எழுப்பினார்கள். எழுப்பும்போது எல்லோரும் திட்டினோம், ஓடைக்கு வந்தபிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லை.

சரி, இனிக் கூடாரம். விளம்பரத்தில் "காம்பிங்" என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள், அதுதான் இந்தப் பொதியிலேயே மோசம். தந்த ஸ்லீப்பிங் பேக்கில் "மைனஸ் 10" என்று எழுதியிருந்தது. அந்த எண் எந்தக் கணக்கு என்று பார்க்கவேண்டும். ஒழுங்கான பைகளில் நிம்மதியாகத் தூங்கும் வெப்பநிலை வேறு, உயிர் தப்பும் வெப்பநிலை வேறு என்று தனித்தனியாகப் போட்டிருக்கும். இவர்களுடையது இரண்டாவது என்று சந்திரதால் ஏரிப் பக்கம் படுத்தபோதுதான் விளங்கியது. செப்டெம்பர் இரவு, வெளியே போத்தல் தண்ணீர் உறைந்து கிடக்கிறது, கீழே விரித்தது அப்பள மொத்தத்தில் ஒரு ஃபோம். குளிர் மேலிருந்து வரவில்லை, நிலத்தில் இருந்து ஏறியது. ஜக்கெட், மழைக்கோட்டு, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு படுத்தும் யாரும் சரியாகத் தூங்கவில்லை, அடுத்த நாள் ஓடவேண்டியதோ அந்த ஓடைப் பாதை. இது சொகுசுப் பிரச்சினை இல்லை, தூங்காதவன் பைக்கை விழுத்துவான். இன்னொன்று, படத்தில் ஏரிக்கரையில் கூடாரம் காட்டியிருந்தார்கள். சந்திரதால் கரையில் கூடாரம் அடிக்கத் தடை, முகாம்கள் சில கிலோமீற்றர் தள்ளித்தான் இருக்கின்றன. தடை நல்லதுதான், அந்தத் தண்ணீரைப் பார்த்தால் தெரியும். அப்படியிருக்கப் படத்தை ஏன் போடுகிறார்கள்?

சாப்பாடு பரவாயில்லை. உருளைக்கிழங்குப் பரோட்டா, பருப்பு, மகி நூடில்ஸ், துக்பா என்ற திபெத்திய நூடில்ஸ் சூப். மீன் என்ற பேச்சே இல்லை, எங்களில் ஒருவர் கொண்டுபோன நெத்தலிக் கருவாட்டுச் சம்பல் போத்தல் பெங்களூர்த் தமிழர்களிடம் போய் அங்கேயே முடிந்தது. பாதலில் உள்ள சாச்சா சாச்சி தாபா மட்டும் தனி. பனியில் மாட்டிய பயணிகளைக் காப்பாற்றிப் பெயர் எடுத்த தம்பதியின் கடை, சூட்டுக்கே இன்னொரு தேத்தண்ணி குடிக்கலாம்.

முடிவில் வைப்புப் பணத்தில் கழித்தார்கள். ஒரு பைக்கின் க்ராஷ் கார்டில் முன்பே இருந்த கீறலுக்கு. எடுக்கும்போது பிடித்த வீடியோ இருந்ததால் பேசிப் பாதியைத் திரும்ப வாங்கினோம், மீதிக்கு இன்னும் மெசேஜ் போட்டுக்கொண்டிருக்கிறேன். நீங்களும் வண்டியை வாங்கும்போது சுற்றிவர, அடியில், கண்ணாடியில், லீவரில் எல்லாம் வீடியோ எடுங்கள், அவர்கள் ஆள் பக்கத்தில் நிற்கும்போதே எடுங்கள்.

ஊரில் 150 சிசி மட்டும் ஓட்டியவர் போகலாமா என்று கேட்கிறார்கள். போகலாம், எங்களில் பாதிப் பேர் அப்படித்தான். போக முதல் நிலாவெளிப் பக்கம் மணல் ஒழுங்கைகளில் ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்று மெதுவாக ஓட்டிப் பழகுங்கள். ஸ்லீப்பிங் பேக்கை மட்டும் சொந்தமாகக் கொண்டுபோங்கள், இல்லையென்றால் டெல்லியில் இறங்கி வாங்குங்கள்.