ஆறு வருடமாக என் கடையில் ஓடும் டெபியன் ஸ்டேபிள்

மாங்குளம் சந்தியில் ஒட்டுசுட்டான் பக்கம் திரும்பிக் கொஞ்சத் தூரம் வந்தால் என் கொமினிகேஷன் கடை. மூன்று கணினி, இரண்டு பிரின்டர், ஒரு போட்டோகொப்பி மெஷின். அடையாள அட்டை விண்ணப்பம், காணிக் கடிதம், தவணைப் பரீட்சை வினாத்தாள், பெறுபேறு வரும் நாளில் வாசல்வரை நிற்கும் பிள்ளைகள், இதுதான் வேலை. 2019 கடைசியில் மூன்று கணினியிலும் டெபியன் என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தின் 10ஆம் வெளியீட்டைப் போட்டேன். இன்றைக்கு இரண்டில் 13 ஓடுகிறது. ஒரு சதமும் கொடுக்காமல் எடுத்த பொருள்தான், ஆனால் என் கடையின் வருமானம் அதன்மேல்தான் நிற்கிறது.

நான் பாவிப்பது அதன் ‘ஸ்டேபிள்’, அதாவது சோதித்து முடித்த நிலையான வெளியீடு. எனக்குப் பிடித்தது, அது மாறாமல் இருப்பது. ஒரு ரீச்சர் தன் வினாத்தாள்களை எங்களிடம்தான் லிப்ரே ஆபிஸ் என்ற தட்டச்சு மென்பொருளில் அடிப்பார். ஜனவரியில் அடித்ததை நவம்பரில் திறந்தாலும் கேள்வி இலக்கம் நகராது, கொம்பு எழுத்தைவிட்டு விலகாது. டெபியன் 12 இருந்த காலம் முழுக்க லிப்ரே ஆபிஸ் 7.4.7 தான். வெளியே அது 24, 25 என்று போய்விட்டது.

மாறவில்லை என்றால் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். பதிப்பு எண்ணின் வாலைப் பாருங்கள், ‘டெப்12யு1’, ‘டெப்12யு2’ என்று ஏறிக்கொண்டே போகும். புதிய பதிப்பில் அடைத்த பாதுகாப்பு ஓட்டையை மட்டும் எடுத்து, பழைய பதிப்புக்குள் கொண்டுவந்து பொருத்துகிறார்கள். கடைக்கு வரும் ஓர் ஐயாவுக்கு இதை விளங்கப்படுத்தினேன். “குளக்கட்டில கசிவு கண்டா அந்த இடத்தை வெட்டி மண் போட்டு இறுக்குவம். முழுக் கட்டையும் புதுசாக் கட்டுறேல்லைத்தானே பிள்ளை” என்றார். அதேதான்.

கேட்கத்தான் லேசு. 2023 டிசம்பரில் லினக்ஸ் கருவின் (இயங்குதளத்தின் மையப்பகுதி, கேர்னல்) 6.1 வரிசைக்கு ஒரு திருத்தத்தை இப்படிக் கொண்டுவந்தபோது, அதற்குத் துணையாக வரவேண்டிய இன்னொரு திருத்தம் கூட வரவில்லை. எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறையில் அமைத்த வட்டில் தரவு கெட்டுப்போகும் நிலை. டெபியன் 12.3 வெளிவரும் நேரத்தில்தான் அது தெரிந்தது. இப்போது யாரும் புதுப்பிக்க வேண்டாம் என்று வெளிப்படையாக அறிவித்தார்கள். மறுநாளே, டிசம்பர் 10, திருத்திய கருவோடு 12.4 வந்தது. ஒரு நிலையான வெளியீட்டைப் பராமரிப்பது எவ்வளவு கவனம் கேட்கும் வேலை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இதைச் செய்பவர்களில் பெரும்பாலானோர் தொண்டர்கள்.

2024 மார்ச்சில் எக்ஸ்இசட் விவகாரம். கோப்புகளைச் சுருக்கும் அந்த மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ களவாகப் பின்கதவு, அதாவது வெளியாள் இரகசியமாக உள்ளே நுழையும் வழி, வைத்திருந்தார்கள். தூரத்துக் கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை விநாடி தாமதிக்கிறதே என்று துருவிப் பார்த்து ஆன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் கண்டுபிடித்தார். டெபியனின் சோதனைக் கிளைகளான அன்ஸ்டேபிள், டெஸ்டிங் வரை அது வந்துவிட்டிருந்தது, ஸ்டேபிளுக்குள் வரவில்லை. செய்தி பார்த்த இரவே கடையைத் திறந்து மூன்றிலும் எண்ணைப் பார்த்தேன். 5.4.1. அப்புறம்தான் நித்திரை வந்தது. எல்லாம் பழசாக இருக்கிறது என்று குறைசொல்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

புதிய வெளியீடு ஏறத்தாழ இரண்டு வருடத்துக்கு ஒன்று. 13க்காக 2025 மார்ச்சில் உறைநிலையை (புதிய மாற்றங்களைப் படிப்படியாக நிறுத்தும் காலம்) தொடங்கி, பிழைகளைத் தீர்த்து, ஆகஸ்ட் 9 தான் வெளியிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று வருட முழு ஆதரவு, பிறகு இரண்டு வருட நீண்டகால ஆதரவு. அவசரப்பட்டு மாற வேண்டியதில்லை. ஆனால் 10இலிருந்து 12க்குத் தாவ முடியாது, 11 ஊடாகத்தான் போக வேண்டும். நான் ஒவ்வொரு தடவையும் இரவு டேட்டாவில், கோப்புகளை வெளி வட்டில் பிரதி எடுத்துவைத்துவிட்டுத்தான் ஏற்றினேன். ஃபயர்பாக்ஸ் மட்டும் விதிவிலக்கு. அதன் நீண்டகாலப் பதிப்பு அப்படியே முழுதாகப் புதிதாகும். ஒரு பிரவுசருக்குள் பழைய ஓட்டைகளைத் தனித்தனியாக அடைத்து முடியாது, அதனால் இதை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

குறை என்றால், புத்தம்புது லப்டொப், வைஃபை வாங்குபவர்கள் முதலில் விசாரியுங்கள். பழைய கருவுக்குப் புதிய சாதனங்கள் பிடிபடாமல் போகலாம். ஸ்டேபிளுக்கு ஏற்றபடி புதிய பதிப்புகளைத் தரும் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்தில் புதிய கரு கிடைக்கும், அதைப் போட்டால் பெரும்பாலும் சரி வரும். என்னை உண்மையில் வருத்தியது வேறு. 13இல் பழைய 32 பிட் கணினிகளுக்கு நிறுவியும் இல்லை, கருவும் இல்லை. என் மூன்றாவது கணினி அந்த ரகம். காரணம் விளங்குகிறது, பராமரிக்க ஆள் வேண்டும். ஆனால் பழைய கணினிகளையே நம்பியிருக்கும் எங்கள் பக்கத்துக்கு அது இழப்புத்தான். அதில் 12ஐ வைத்தபடி இணையத்தைக் கழற்றிவிட்டு, தட்டச்சுக்கு மட்டும் பாவிக்கிறேன்.

கடைக்கு, பள்ளிக்கூடக் கணினி அறைக்கு, சங்கக் கணக்குக்கு யோசிக்காமல் எடுங்கள். இறக்க டேட்டா இல்லையென்றால் பென் டிரைவோடு வாருங்கள், 13இன் நிறுவல் கோப்பு என்னிடம் இருக்கிறது. காசு வேண்டாம்.