ஒரு துறவியா, ஒரு சபையா: தியானத் தோட்டத்தின் தலைமை

திருகோணமலையில் இலாப நோக்கமற்ற ஆன்மிகத் தோட்டம் ஒன்றை அமைக்க நினைப்பவர்கள், வில்வத்தையும் கொன்றையையும் எங்கே நடுவது என்று யோசிப்பதற்கு முன்பே, அதை யார் நடத்துவது என்பதைத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

தோட்டத்திலேயே தங்கியிருக்கும் ஒரு துறவியின் தலைமையில் முடிவுகள் உடனுக்குடன் எடுக்கப்படும். கச்சான் காற்று மண்ணை உலர்த்தும் ஆடி மாதத்தில் கிணற்று நீரை எந்தப் பாத்திக்கு முதலில் விடுவது என்பதற்கு யாரும் கூட்டம் கூட்டிக்கொண்டிருக்க முடியாது. வருகிறவர்கள் தேடி வருவதும் பெரும்பாலும் அந்த மனிதரின் அமைதியைத்தான், மரநிழல் இரண்டாவது. ஆனால் காணி உறுதி அவருடைய பெயரிலேயே இருந்தால், அவருக்குப் பின் அது உறவினர்களின் உரிமைக்கோரிக்கைக்கு உள்ளாகலாம்.

பரிபாலன சபை மெதுவாகவே நகரும். சில நேரங்களில் ஒரு தண்ணீர்ப் பம்பியைத் திருத்தவே மூன்று கையொப்பங்கள் தேவைப்படும். ஆயினும் 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் சொத்தை அறங்காவலர்களிடம் (டிரஸ்டிகளிடம்) ஒப்படைத்தாலும், 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாக, அதாவது பங்குகள் இன்றி, உறுப்பினர்கள் தாம் உறுதியளித்த தொகைக்கு மட்டுமே பொறுப்பாகும் கம்பனியாகப் பதிவுசெய்தாலும், காணியும் நன்கொடையும் தனிமனிதரின் ஆயுளைச் சார்ந்திருக்காது. கணக்குக் கேட்கவும் வழியுண்டு.

என் தெரிவு, காணியையும் பணத்தையும் சபையிடம் விட்டு, வழிபாட்டையும் செடிகளையும் அங்கே வசிப்பவரிடம் எழுத்தில் ஒப்படைப்பதாகும். வாய்ப்பேச்சில் விட்டால், மார்கழி மழையில் விழுந்த மரத்தை அகற்றுவது யார் என்பதிலேயே பிணக்கு தொடங்கிவிடும்.