கோல்லமா, இக்கிவிக்கியா?

இரண்டும் விக்கி (பலர் சேர்ந்து திருத்தும் தளம்) நடத்துவதற்கான மென்பொருள்கள். இரண்டிலும் பக்கங்கள் கிட் (கோப்புகளின் மாற்ற வரலாற்றைப் பதிவுசெய்யும் கருவி) களஞ்சியத்தில் கோப்புகளாகவே இருக்கும். ஆனால் நிறுவும் விதம் வேறு.

கோல்லம் ரூபி நிரல்மொழியில் எழுதியது. அதன் ஜெம் (ரூபித் தொகுப்பு) நிறுவி, களஞ்சியத்துக்குள் போய் ஓட்டினால் 4567 போர்ட்டில் விக்கி தயார். கோப்பைச் சேமித்துவிட்டு கமிட் செய்யாமல் (கிட்டில் பதியாமல்) விட்டால் மட்டும் பக்கம் தெரியாது. பெரிய குறை, உள்நுழைவு வசதி கிடையாது. அப்படியே இணையத்தில் திறந்து வைத்தால் யாரும் திருத்தலாம், யார் திருத்தினார்கள் என்று வரலாற்றில் தெரியாது. முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வலை சர்வரை வைத்துக் கடவுச்சொல் போடாமல் தயவுசெய்து வெளியே விடாதீர்கள்.

இக்கிவிக்கி 2006-இல் ஜோயி ஹெஸ் பெர்ல் நிரல்மொழியில் எழுதியது. இது பக்கங்களை முன்கூட்டியே ஹெச்டிஎம்எல் ஆக்கி வைத்துவிடும். மாற்றங்களை சர்வருக்கு அனுப்பியதும் (புஷ்) கிட் ஹுக் என்ற தானியங்கி நிரல் ஓடி, மாறிய பக்கங்களை மறுபடி கட்டும். வாசிப்பவர்களுக்காக எந்த நிரலும் ஓட வேண்டியதில்லை, சின்ன சர்வரே போதும். உலாவியில் திருத்த மட்டும் சிஜிஐ (வலை சர்வர் வழியாக நிரலை ஓட்டும் முறை) வேண்டும். அதை அமைப்பதுதான் கொஞ்சம் இழுக்கும், கோப்பு அனுமதிகள் படுத்தும். டெபியன் லினக்ஸில் தொகுப்பாகவே கிடைக்கிறது. கணக்கு, கடவுச்சொல் வசதியும் கூடவே வரும்.

அலுவலகத்துக்குள் நாலு பேர் குறிப்பெழுத கோல்லம் போதும். பொதுமக்கள் படிக்கும் தளம் என்றால் நான் இக்கிவிக்கியைத்தான் சொல்வேன்.