காரைக்குடியில் வாங்கிய வாசல் கேமரா: ஆள் தெரிகிறான், முகம் தெரிகிறதா?

கானாடுகாத்தானில் வருஷத்தில் பாதி நாள் பூட்டியே கிடக்கும் எங்கள் ஐயா வீட்டுக்குக் காரைக்குடி கடை ஒன்றில் நாலு கேமரா வாங்கிப் போட்டோம். வேலை சுத்தம். தேக்குத் தூணில் ஒரு துளைகூடப் போடாமல் ஓட்டுச் சரிவுக்கு அடியிலேயே வயரைக் கொண்டுபோய்விட்டார்கள்.

பகலில் படம் பிரமாதம், ராத்திரிதான் வம்பு. கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் வெளிச்சத்தில் எல்லாம் கறுப்பு வெள்ளை, அதிலும் வாட்ச்மேன் அண்ணனின் கருநீலச் சட்டை வெள்ளையாகத் தெரிகிறது! நேரில் பார்த்தவர் நீலம் என்று சொல்லி, படம் வெள்ளை என்று காட்டினால் குறுக்கு விசாரணையில் வக்கீல் சும்மா விடுவாரா? வாசலுக்கு மட்டுமாவது இரவிலும் கலர் காட்டும் மாடலைக் கேளுங்கள். லென்ஸும் முக்கியம். 2.8 எம்எம் முகப்பு முழுக்கக் காட்டும், ஆனால் தெருவில் நிற்பவன் முகம் புளியங்கொட்டை அளவுதான்.

இவ்வளவு நோண்டக் காரணம், பக்கத்துத் தெருவில் ஒரு ஆச்சியின் சங்கிலியை அறுத்தார்கள். பார்த்தவர்களில் ஒருவர் தாடி என்றார், இன்னொருவர் தாடியே இல்லை என்றார், ஆச்சிக்கோ கழுத்துக்கு வந்த கை மட்டும்தான் நினைவு. யாரும் பொய் சொல்லவில்லை. அமெரிக்காவில் ரொனால்ட் காட்டன் என்பவரை ஒரு பாலியல் வன்கொடுமை வழக்கில் பாதிக்கப்பட்ட பெண்ணே உறுதியாகக் கைகாட்டினார். பத்து வருஷத்துக்கு மேல் ஜெயிலில் இருந்து, 1995இல் டிஎன்ஏ சோதனையில் நிரபராதி என்று தெரிந்த பிறகுதான் அவர் வெளியே வந்தார்.

அதனால் கேமரா அவசியம்தான். ஆனால் திருட்டு நடந்தவுடன் கிளிப்பை வாட்ஸ்அப் குரூப்பில் தட்டிவிடாதீர்கள். அப்புறம் மாஜிஸ்திரேட் முன்னால் பலரோடு சந்தேக நபரையும் வரிசையில் நிறுத்தும் அடையாள அணிவகுப்பில் சாட்சி கைகாட்டுவது அன்றைக்குப் பார்த்த ஆளையா, போனில் பத்து தடவை பார்த்த படத்தையா? வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான். அணிவகுப்பே இல்லாமல், முன்பின் தெரியாத ஆளைக் கோர்ட்டில் முதல் தடவையாகக் கைகாட்டுவதற்கு மதிப்பில்லை என்று 1979இலேயே ஒரு கேரள வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது.

கடையில் எனக்குப் பிடிக்காதது ஒன்று. பென்டிரைவில் காப்பி எடுத்துக் கொடுத்தால் கோர்ட்டில் அது செல்ல கூடவே சான்றிதழ் வேண்டும் (முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு, இப்போது புதுச் சாட்சியச் சட்டத்தில் 63ஆம் பிரிவு), 2020இல் சுப்ரீம் கோர்ட் அதைக் கட்டாயம் என்றே சொல்லிவிட்டது. கேட்டால் "அதெல்லாம் போலீஸ் பாத்துக்குவாங்க" என்கிறார்கள். ரெக்கார்டர் கடிகாரத்தைக்கூட சரியாக வைக்கவில்லை, நான்தான் மாற்றினேன்.

ஐந்துக்கு மூன்றரை. வாங்குபவர்கள் 2 டிபி டிஸ்க்காகப் போடுங்கள், எங்கள் 1 டிபியில் இரண்டு வாரம்கூட நிற்கவில்லை.